முதலில் படியுங்கள், அப்புறம் கேளுங்கள்: பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கும் தலைமையாசிரியருக்கும்,

உங்கள் சுற்றறிக்கை கைக்கு வந்த அன்று இரவே பதில் எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் எழுதியதை அனுப்பக் கூடாது என்று மூன்று முறை கிழித்துப் போட்டேன். இது நான்காவது. கோபம் ஆறவில்லை. ஆனால் என்ன சொல்ல வேண்டும் என்பது இப்போது தெளிவாகியிருக்கிறது.

புனைபெயரில் இணையப் பக்கம் வைத்திருக்கும் மாணவர்கள் அதை வகுப்பாசிரியரிடம் தெரிவித்து ஒரு வாரத்துக்குள் மூட வேண்டும் என்கிறீர்கள். "சோகமான, எதிர்மறையான" பதிவுகள் ஒழுங்கு நடவடிக்கைக்கு உட்பட்டவை. பள்ளி ஆண்டிதழில் இனி நேர்மறைச் சிந்தனைக் கட்டுரைகள் மட்டும்; கவிதைக்கு இடமில்லை. வருகிற படைப்புகள் அனைத்தையும் செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று மென்பொருளில் போட்டுச் சோதிக்க வேண்டும். 17 ஆண்டுகளாக அந்த இதழைத் தொகுத்து வருபவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு, அது போகட்டும். எழுதுகிற பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இத்தனைக்கும் காரணம் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிய பன்னிரண்டு வரிக் கவிதை. அவளும் அவளுடைய பெற்றோரும் சம்மதித்த பிறகுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். அவளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பாட்டி இறந்து ஐந்து மாதம் ஆகிறது. பாட்டியின் எண் இன்னும் பேத்தியின் கைபேசியில் இருக்கிறது. தினமும் ராத்திரி அந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்புகிறாள். ஒற்றை டிக் விழுகிறது. இரண்டாவது டிக் விழுவதே இல்லை. கவிதையில் இருப்பது இவ்வளவுதான். கடைசி வரி மட்டும் ஒரு கேள்வி: "நானே வந்து படித்துக் காட்டட்டுமா?" நாற்பது பேர்கூடப் பார்க்காத ஒரு பக்கத்தில், வேறொரு பெயரில், அதைப் போட்டிருந்தாள்.

யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்தார்கள். அது ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தது. அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன். யார் யார் என்ன எழுதினார்கள் என்பதைப் பார்த்தேன். மறுநாள் பெற்றோரை வரச் சொன்னீர்கள். அலுவலக அறையில், ஆறு பெரியவர்கள் முன்னால், அவள் எழுதியதை அவளுக்கே உரக்கப் படித்தீர்கள். அங்கேயே உட்கார வைத்துப் பக்கத்தை அழிக்கச் செய்தீர்கள். மூன்று நாள் வகுப்புக்கு வர வேண்டாம் என்று அனுப்பினீர்கள். கடைசி வரி தற்கொலை மிரட்டல் என்று குறிப்பேட்டில் ஏறியது. அந்த வரிக்கு என்னம்மா அர்த்தம் என்று அறையில் இருந்த ஒருவரும் கேட்கவில்லை.

அவள் திரும்பி வந்த அன்று நூலகத்தில் வைத்து நான் கேட்டேன். "பாட்டிக்குப் படிக்கத் தெரியாது டீச்சர். நான் மெசேஜ் அனுப்பிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய் நானே படிச்சுக் காட்டுவேன். எங்களுக்குள்ள அது ஒரு விளையாட்டு" என்றாள்.

அதோடு நான் விட்டுவிடவில்லை. சாக வேண்டும் என்று தோன்றியிருக்கிறதா என்று நேராகவே கேட்டேன். மேசை விளிம்பில் யாரோ ஒட்டிவைத்த ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். பாதி உரிந்த பிறகு சொன்னாள்: "சில ராத்திரி பாட்டிகிட்டயே போயிடலாம்னு இருக்கும். எழுதினா கொஞ்சம் விட்டுடும்." இதை உன் அம்மாவிடமும் ஒரு மனநல ஆலோசகரிடமும் சொல்லத்தான் போகிறேன் என்று அவளிடம் முதலில் சொன்னேன், பிறகு அவர்களிடம் சொன்னேன். இப்போது வாரம் ஒருமுறை ஆலோசகரைப் பார்க்கிறாள்.

ஆக, உங்கள் பயம் வீண் பயம் இல்லை. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். பயந்த பிறகு என்ன செய்தீர்கள் என்பதில்தான் என் வழக்கு. "கொஞ்சம் விட்டுடும்" என்று அவளுக்கு இருந்த ஒரே வழியை அடைத்துவிட்டு, மூன்று நாள் அவளை வீட்டில் தனியாக உட்கார வைத்தீர்கள். அந்த மூன்று ராத்திரியும் அவள் ஒன்றும் எழுதவில்லையாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை.

அப்படி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தையும் கிளப்பிவிட்டதாகிவிடும் என்று ஆசிரியர் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். பலரும் தலையாட்டினார்கள். உலக சுகாதார நிறுவனம் 2014-இல் தற்கொலைத் தடுப்பு பற்றி வெளியிட்ட அறிக்கை, இதைத் தவறான நம்பிக்கைகளின் வரிசையில்தான் வைத்திருக்கிறது. வெளிப்படையாகப் பேசினால் அந்த மனிதருக்கு வேறு வழிகள் தெரியவும், மறுபடி யோசிக்கவும் அவகாசம் கிடைக்கும் என்கிறது. அந்தக் கவிதை அப்படிப் பேசுவதற்குத் திறந்து கிடந்த கதவு. அவள் எழுதியிருக்காவிட்டால் எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. உங்களுக்கும்தான்.

சோகத்தை எழுத விட்டால் சோகம் வளரும் என்பது உங்கள் இன்னொரு வாதம். 1986-இல் உளவியல் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது. நாளுக்கு 15 நிமிடம், தொடர்ந்து 4 நாள், வாழ்க்கையில் தங்களை உலுக்கிய ஒன்றை எழுதச் சொன்னார்கள். எழுதி முடித்த உடனே அந்த மாணவர்களின் மனநிலை மோசமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில், நடந்ததையும் பட்டதையும் சேர்த்து எழுதியவர்கள் மருத்துவ மையத்துக்குப் போனது குறைந்திருந்தது. எழுதிவிட்டு ஒரு பிள்ளை அழுதால் நாம் பதறுகிறோம். அந்த அழுகை முதல் நாள் அழுகையாக இருக்கலாம். அதன் பிறகு நடந்த ஏராளமான ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பலன் சிறியதுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுதுவது சிகிச்சைக்கு மாற்று ஆகாது. ஆனால் தண்டனைக்குரிய செயல் என்று சொல்ல எந்த ஆதாரமும் உங்கள் சுற்றறிக்கையில் இல்லை.

அடுத்து, பிள்ளைகளின் மொழி. சுற்றறிக்கையின் இணைப்பில் "ஆபத்துக் குறிகள்" என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறீர்கள். அதில் மண்டையோட்டு எமோஜி முதலாவதாக இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் நண்பனின் மீமுக்குக் கீழே மூன்று மண்டையோடு போட்டதற்காக விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறான். அவர்கள் மொழியில் அதற்குச் சிரிப்பு என்று பொருள். சிரித்துச் செத்தேன் என்று நாமும்தான் சொல்கிறோம், அவர்கள் அதைப் படமாகப் போடுகிறார்கள். அதே வாரத்தில் இன்னொரு பையன், அப்பாவும் அம்மாவும் பிரியப்போவதைப் பற்றி நாலு வரி எழுதி, கடைசியில் கண்ணீர் வழியச் சிரிக்கும் முகத்தைப் போட்டிருந்தான். உங்கள் பட்டியலில் அந்த முகம் இல்லை. ஆகவே அவன் யார் கண்ணிலும் படவில்லை.

எனக்கும் இந்த மொழி தானாக வந்துவிடவில்லை. இதழுக்குக் கதை அனுப்பலாமா என்று ஒரு மாணவி செய்தியில் கேட்டிருந்தாள். "சரி." என்று பதில் போட்டேன், முற்றுப்புள்ளியோடு. இலக்கணம் சொல்லிக்கொடுப்பவள், வேறு எப்படி எழுதுவேன்? பத்து நிமிடம் கழித்து, "டீச்சர், என் மேல கோபமா?" என்று வந்தது. ஒன்றும் புரியாமல் அவளைக் கூப்பிட்டுப் பேசினேன். ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் புள்ளி வைத்தால் கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கும் என்றாள். அவள் சொன்னது அவள் கற்பனை இல்லை. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 2015-இல் 126 மாணவர்களிடம் இதையே சோதித்திருக்கிறார்கள். கைபேசிச் செய்தியில் ஒற்றைச் சொல் பதிலுக்குப் பின்னால் புள்ளி இருந்தால், அதில் மனம் ஒட்டவில்லை என்று மாணவர்கள் கருதினார்கள். அதே பதில் கையெழுத்தில் இருந்தபோது அந்த வேறுபாடு தெரியவில்லை. குரலும் முகமும் இல்லாத இடத்தில் குரலையும் முகத்தையும் கொண்டுவரப் பிள்ளைகள் புள்ளியையும் படத்தையும் எழுத்தை இழுத்து எழுதுவதையும் பயன்படுத்துகிறார்கள். "போ" வேறு, "போஓஓ" வேறு. அளபெடை என்று நாம் பாடம் நடத்துகிறோமே, அதன் வேலையை அவர்கள் விரல் நுனியில் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இந்த மொழி மாறிக்கொண்டும் இருக்கிறது. கண்ணீர் வழியச் சிரிக்கும் முகத்தை ஆக்ஸ்ஃபோர்டு அகராதி 2015-இன் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. இன்று என் மாணவர்கள் அதைப் பெரியவர்கள் போடும் எமோஜி என்கிறார்கள். தாங்கள் போட்டால் பல நேரம் சிரிப்பு என்று பொருள் இல்லையாம். நீங்கள் பட்டியல் அச்சடித்து முடிப்பதற்குள் பாதி பழசாகிவிடும். எழுதியவரைக் கேட்டால் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

புனைபெயர் விஷயத்தில்தான் எனக்கு மனம் மிகவும் நொந்துபோனது. பெயரை மறைப்பவர்களுக்கு மறைக்க ஏதோ இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள்.

நான் வகுப்பில் குறுந்தொகையின் 41-ஆம் பாட்டை நடத்துகிறேன். காதலன் உடன் இருந்தால் விழா நடக்கும் ஊரைப் போல மகிழ்ந்திருப்பேன். அவன் பிரிந்தால் மனிதர்கள் விட்டுப்போன, முற்றத்தில் அணில் விளையாடுகிற வீட்டைப் போல ஆகிவிடுகிறேன் என்கிறாள் ஒரு பெண். எழுதியவரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. அந்த உவமையை வைத்தே அவரை அணிலாடு முன்றிலார் என்கிறோம். அதற்கு முந்தைய பாட்டை எழுதியவர் செம்புலப்பெயனீரார். அதுவும் பாட்டுக்குள் இருக்கும் மழைநீரிலிருந்து வந்த பெயர்தான். அகப்பாட்டில் தலைவன், தலைவியின் பெயரைச் சுட்டிச் சொல்லவே கூடாது என்று தொல்காப்பியம் விதி வகுத்திருக்கிறது. உள்ளே இருப்பதைச் சொல்லும்போது பெயர் இடையில் வர வேண்டாம் என்று நம் முன்னோர் நினைத்திருக்கிறார்கள். யார் வீட்டுப் பெண் என்ற விசாரணை இல்லாமல் அந்த வலியை எவரும் தன் வலியாகப் படிக்க முடிகிறது.

அந்த மாணவியின் பக்கத்துக்கு அவள் வைத்திருந்த பெயர் "ஒற்றை டிக்". அவளைப் படித்த அந்தச் சிலருக்கும் அவள் அப்படித்தான் அறிமுகம். அணிலாடு முன்றிலாரின் பாட்டை அவளுக்கு நடத்தியவள் நான். ஆளில்லாத முற்றத்தை அவள் தன் காலத்தில் கண்டுபிடித்திருக்கிறாள், கைபேசித் திரையில். எனக்கு அது தெரிந்தபோது பெருமையில் கண் கலங்கியது. உங்கள் அளவுகோலின்படி அந்தச் சங்கப்பாட்டும் "எதிர்மறை"தான். அதற்குத் தேர்வில் மதிப்பெண் கொடுக்கிறோம், இவளை மூன்று நாள் வெளியே நிறுத்தினோம்.

நடிகர்களையும் விளையாட்டு வீரர்களையும் வைத்துக் கதை எழுதக் கூடாது என்று சுற்றறிக்கையில் வரும் வரியைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. 'ஜேன் அயர்' நாவலை எழுதிய ஆங்கில எழுத்தாளர் சார்லட் பிரான்டேயும் உடன்பிறந்தவர்களும், சிறுவயதில், 1826-இல் அப்பா வாங்கி வந்த மரப் போர்வீரர்களை வைத்துத்தான் கதை சொல்லத் தொடங்கினார்கள். சார்லட் தன் பொம்மைக்கு வைத்த பெயர் வெலிங்டன் கோமகன். அப்போது உயிரோடிருந்த, எல்லோரும் அறிந்த படைத்தலைவர். அந்தக் கதைகளைத் தீப்பெட்டி அளவுப் புத்தகங்களில், பெரியவர்கள் கண்ணுக்கு எட்டாத பொடி எழுத்தில் எழுதித் தைத்து வைத்தார்கள். பிள்ளைகள் பிறர் உண்டாக்கிய உருவங்களைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கப் பழகுகிறார்கள். ரசிகர்கள் எழுதும் புனைவுகளைச் சேர்த்து வைக்கும் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' தளத்துக்கு 2019-இல், அறிவியல் புனைவுக்கான புகழ்பெற்ற ஹியூகோ விருதே கிடைத்திருக்கிறது.

மென்பொருள் சோதனைக்கு வருகிறேன். சோதனை ஓட்டத்தில் "இயந்திரம் எழுதியது" என்று முத்திரை விழுந்த முதல் கட்டுரை பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனுடையது. அவனுடைய கையெழுத்துப் பிரதி என்னிடம் இருக்கிறது. அண்ணன் வீட்டைவிட்டுப் போன பிறகு சாப்பாட்டு நேரம் எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லும் இடத்தில் முதலில் "மௌனம்" என்று எழுதி அடித்திருக்கிறான். அதன் மேல் "பேசாமை". அதையும் அடித்துவிட்டு, ஓரத்தில் சிறிதாக "தட்டுச் சத்தம் மட்டும்". எந்த இயந்திரம் இப்படி அடித்து அடித்துத் தேடும்? சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு சோதனைக் கருவியை வெளியிட்டது. அவர்கள் சொன்ன கணக்குப்படியே, இயந்திரம் எழுதியதில் 26 விழுக்காட்டைத்தான் அது பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டை இயந்திரம் எழுதியது என்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று அந்த ஜூலையிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பிள்ளைகள் இயந்திரத்திடம் எழுதி வாங்குவது உண்டுதான், எனக்கும் அது கவலை. அதற்கு நான் அறிந்த வழி ஒன்று: பக்கத்தில் உட்கார்ந்து, இந்த வரியை ஏன் மாற்றினாய் என்று கேட்பது. எழுதியவனுக்குப் பதில் இருக்கும்.

இணையம் பிள்ளைகளுக்குப் பத்திரமான இடம் என்று நான் வாதாடவில்லை. கேலி செய்பவர்கள் இருக்கிறார்கள், பரிவாகப் பேசி நெருங்கும் முன்பின் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். லைக் விழாத கவிதையை நல்ல கவிதை இல்லை என்று நினைத்து அழித்துவிடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இது என்னை மற்றவற்றைவிட உறுத்துகிறது. இவற்றைப் பற்றி அவர்களோடு பேச வேண்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள், இந்த விஷயத்தில் அவளுடைய கவிதையை அவள் அனுமதியில்லாமல் பரப்பியது முன்பின் தெரியாதவர் இல்லை. நம் குழுவில் இருக்கும் நாம்.

1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 13-ஆம் பிரிவில், குழந்தைக்குக் கருத்தை வெளியிடும் உரிமை உண்டு என்கிறது; பேச்சாகவோ எழுத்தாகவோ கலையாகவோ, தான் விரும்பும் எந்த ஊடகத்திலும். 16-ஆம் பிரிவு குழந்தையின் அந்தரங்கத்தையும் கடிதப் போக்குவரத்தையும் காக்கிறது. இந்த உரிமைகள் இணையத்திலும் உண்டு என்பதை அந்த உடன்படிக்கைக்கான குழு 2021-இல் தனியாகவே விளக்கி எழுதியிருக்கிறது. பள்ளி ஒழுங்கு விதிகள் இவற்றைத் தாண்டிப் போக முடியாது.

நான் கேட்பவை இவை.

அந்த மாணவியிடமும் பெற்றோரிடமும், அவளுடைய கவிதையைப் பரப்பியதற்காகவும் அறையில் உரக்கப் படித்ததற்காகவும் நிர்வாகம் எழுத்து மூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். குறிப்பேட்டில் உள்ள "மிரட்டல்" என்ற சொல்லும் மூன்று நாள் இடைநீக்கமும் நீக்கப்பட வேண்டும். ஆசிரியர் குழுவில் அந்த ஸ்கிரீன்ஷாட்டை வைத்திருக்கும் ஒவ்வொருவரும், நான் உட்பட, அதை அழிக்க வேண்டும்.

சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். மாணவர் ஒருவர் எழுதியது கவலை தந்தால் யார் அவரிடம் பேசுவது, எப்படிப் பேசுவது, எப்போது பெற்றோரை அழைப்பது என்பதற்கு ஒரு நடைமுறை வேண்டும். அதை ஒரு மனநல ஆலோசகரும் மாணவர் பிரதிநிதிகள் நால்வரும் உட்கார்ந்து எழுதட்டும். அதன் முதல் வரி, எழுதியவரைத் தனியாகச் சந்தித்துக் கேட்க வேண்டும் என்பதாக இருக்கட்டும். எழுதியதற்காக இடைநீக்கம் கிடையாது என்பதும் அதில் இருக்க வேண்டும். பிறரைத் துன்புறுத்தி, மிரட்டி எழுதுவது வேறு. அதற்கு ஏற்கெனவே விதி இருக்கிறது.

பள்ளிக்கு முழுநேர ஆலோசகர் ஒருவரை நியமியுங்கள். மென்பொருள் உரிமத்துக்கு ஒதுக்கிய தொகையை இதற்குத் திருப்புங்கள் என்று கேட்கிறேன்.

ஆண்டிதழில் கவிதைக்கு இடம் திரும்ப வேண்டும். புனைபெயரில் வெளியிட அனுமதி வேண்டும்; உண்மைப் பெயர் தொகுப்பாசிரியருக்கு மட்டும் தெரிந்தால் போதும். என்னை அந்தப் பொறுப்பிலிருந்து நீக்குவதென்றால் நீக்குங்கள், யார் இருந்தாலும் இந்த விதி இருக்கட்டும்.

இந்த ஆண்டு இதழுக்கு வந்த 61 படைப்புகள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. அவற்றில் 38 கவிதைகள். தினமும் இடைவேளையில் யாராவது ஒரு பிள்ளை வந்து, "டீச்சர், என்னோடது வருமா?" என்று கேட்கிறது. பருவத் தேர்வு தொடங்க இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. அதற்குள் எனக்கு எழுத்து மூலம் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
பள்ளி ஆண்டிதழின் தொகுப்பாசிரியை

(நிர்வாகத்துக்கு நேரில் கொடுத்த பிரதியில் என் பெயரும் கையெழுத்தும் இருக்கின்றன. இங்கே பெயரை விட்டது அந்த மாணவியை யாரும் தேடிக் கண்டுபிடிக்கக் கூடாது என்பதற்காக.)